சலாவுதீன் கையில் கேபிள்

அது 1989 மாம்பழ சீசன். நல்லம்பள்ளி கூழ் ஆலையில் விவசாயிகளின் பதிவு முழுவதும் குடோன் கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் டிஸ்க், கேபிள் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் மவுண்ட் ஆகி, பதிவு திரையில் தெரிந்தால்தான் லோடு இறங்கும். காலையிலிருந்து ஆகவில்லை. சர்வர், அதாவது குடோன் மெஷின், பதில் தரவில்லை என்றே திரையில் வந்துகொண்டிருந்தது.

வாசலில் காத்திருந்த விவசாயி முனிராஜின் டிராக்டரிலிருந்து சாறு சொட்டியது. குத்தகைத் தோப்பின் மொத்த விளைச்சலும் அதில்தான் இருந்தது.

"பாய், உங்க பொட்டி கண்ணு முழிக்கறதுக்குள்ள எம் பழம் சாராயமாயிடும் போலிருக்குதுங்க."

"இருங்கண்ணே, போயிப் பாக்கறேன்."

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சலாவுதீன் குடோனுக்குப் போனார். அங்கே மெஷின் எரிந்து கருகிக் கிடந்தது. மெஷினைக் கழற்றுவதற்காக அதிலிருந்து கேபிளை உருவினார்.

ஆபீஸில் பதிவு பார்க்கும் பரிதா ஜன்னலிலிருந்து கத்தினாள். "அண்ணா, மவுண்ட் ஆயிடுச்சு! பதிவெல்லாம் வருது. என்ன பண்ணீங்க?"

அவர் கேபிளைத் தரையில் வைத்தார்.

"ஐயோ, போயிடுச்சுங்கண்ணா!"

மறுபடி எடுத்தார்.

"வந்துடுச்சு! அப்படியே உடுங்க, தொடாதீங்க!"

முனிராஜின் கடைசிக் கூடை இறங்கும்வரை சலாவுதீன் கேபிளைப் பிடித்தபடி நின்றார். அவர் கையிலிருந்த முனை எந்த மெஷினிலும் சேரவில்லை. உள்ளங்கை குளிர்ந்துகொண்டே வந்தது. வாசலில் அடுத்த டிராக்டர் ஹாரன் அடித்தது.