செயற்கைக்கோள் சொன்ன நிறம்

கருவாட்டுக்காரிக்குச் செயற்கைக்கோளை விளக்குவதைவிடக் கருவாட்டுக்கே விளக்கிவிடலாம் என்று லிங்கராஜுக்குத் தோன்றியது. நிலக்கரிக் கிடங்கின் அதிகாரியான அவன், கடற்கரையில் விஜிலா மீன் காயப்போட்டிருந்த இடத்தில் நாற்காலி போட்டு, மடிக்கணினியைத் திறந்தான். வெள்ளைக் கைக்குட்டையால் திரையைத் துடைத்தான்.

“நல்லாப் பாரு. வானத்துல இருந்து எடுத்த படம். தூசி தேரிக்காட்டு மணல்மேட்டுல கெளம்பி ஒன் மீனு மேல விழுது. எங்க கரி இல்ல. கலெக்டர்ட்ட குடுத்த மனுவ வாபஸ் வாங்கு.”

“தூசி படிஞ்ச மீன ஏவாரி எடுக்க மாட்டேங்கான் சார்.”

“அதுக்குக் காத்துட்ட போய்ச் சண்ட போடு.” பேசிக்கொண்டே மறுபடியும் துடைத்தான்.

“தேரி மண்ணு செவப்புல்லா சார்?”

“பின்ன, பச்சையா இருக்கும்?”

“அப்ப இங்கன விழுதது செவப்புத் தூசிதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க.”

ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று எழுதிக் கொடுத்தான். விஜிலா தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.

“அந்தக் கைக்குட்டையவும் தாங்க சார். ரெண்டையும் சேத்து கலெக்டர்ட்ட காட்டணும்.”

லிங்கராஜ் அப்போதுதான் அதைப் பார்த்தான். அடுப்புக்கரி துடைத்த துணிபோல அது கன்னங்கரேலென்று இருந்தது.