ஃபேனில் கை வைத்தது யார்?

மீன்சுருட்டியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சிபியுவை, ஜெயங்கொண்டத்தில் குருநாதனின் சர்வீஸ் கடை மேசையில் ணங்கென்று வைத்தாள் மலர்கொடி.

"சர்வீஸ் பண்ணி வாங்கிட்டுப் போயி நாலு நாள்கூட ஆவல. ஃபேன் லொடலொடன்னு அடிக்குது. கம்ப்யூட்டர் கத்துக்க வர்ற புள்ளைங்க காதப் பொத்திக்கிட்டு உக்காருதுங்க. என்னத்த சார் பாத்தீங்க?"

"நான் பாத்து அனுப்புனா சத்தமே வராது. நீங்கதான் எதையாவது நோண்டியிருப்பீங்க."

முணுமுணுத்தபடியே திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தார் குருநாதன். ஃபேனின் ஒரே ஒரு இறக்கையில் மட்டும் கட்டியாகக் காய்ந்த சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்குரூ டிரைவரை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"அறிவு வேணாமாம்மா? ஆயுத பூஜைன்னா வெளியில ஒரு பொட்டு வச்சுக் கும்பிட வேண்டியதுதானே! சுத்துற இறக்கையில இவ்ளோ சந்தனத்த அப்புனா ஃபேன் ஆடாம என்ன செய்யும்? பழி மட்டும் மெக்கானிக் மேல!"

அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள் மலர்கொடி.

"பூஜை அன்னிக்கி இது எங்ககிட்டயே இல்ல சார். உங்க கடையிலதான் மூடியில்லாம கெடந்துச்சு. மறுநாள்தான் மூடிக் குடுத்தீங்க."

"அதுக்கு?"

"கையில வச்சிருக்கீங்கள்ல, அதப் பாருங்க."

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியில் கட்டியாகக் காய்ந்த சந்தனம். அதன் நடுவே குங்குமம்.