குளியலறை வாய்ப்பாடு

பன்னிரண்டாம் வாய்ப்பாட்டின் நடுவில் வாயை மூடிக்கொண்டேன்.

தலை முழுக்க ஷாம்பு நுரை. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனாலும் இன்றைக்கு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சாந்தோமில் என் மாமியார் ஜூலியட்டின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. குளிப்பவர் சத்தமாகப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும்.

பாட்டுக் குடும்பம். என் மனைவி ஜோன் மாதா பாட்டு பாடியபடிதான் குளிப்பாள். ஹாலில் படமாக இருக்கும் அவள் அண்ணன் ஆண்ட்ரூகூட கோயில் பாடகர் குழுவில் இருந்தவனாம். நான் மாப்பிள்ளையாக வருவதற்கு முன்பே மூச்சுத் திணறி இறந்துவிட்டான். ஆஸ்துமாவாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

எனக்குப் பாட்டு வராது. சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படியானால் வாய்ப்பாடு சொல்லுங்கள் தம்பி என்று சலுகை கொடுத்தார் மாமியார். ரிட்டயரான கணக்கு டீச்சர்.

ஆக, மீசை நரைக்க ஆரம்பித்த ஆண்பிள்ளை நான், தினமும் ஜட்டியோடு நின்று ஈரெட்டு பதினாறு என்று கத்திக்கொண்டிருக்கிறேன். தப்பாகச் சொன்னால் ஹாலிலிருந்து திருத்தம் வரும்.

நேற்று மாடிவீட்டு அய்யாதுரை படிக்கட்டில் மறித்துக் கேட்டார். "இன்னா மாப்ளே, பதிமூணாம் வாய்ப்பாடு எப்போ ரிலீஸு?"

அத்தோடு போயிற்று என் மானம். அதை மீட்கத்தான் இந்த மௌன விரதம்.

தரமணி ஆபீஸில் எனக்கிருக்கும் மரியாதையே வேறு. பனி கொட்டும் ஊர்களிலிருந்து அமெரிக்கர்கள் போன் செய்வார்கள். வீட்டைச் சூடாக்க அவர்கள் கேஸில் எரியும் ஒரு பெரிய இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஃபர்னஸ் என்று பெயர். அது மக்கர் செய்தால் வழி சொல்வது நான்.

ஒரு ஃபர்னஸைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஸ்வெட்டரே போட்டதில்லை. ஆனால் குரலில் அப்படி ஒரு கம்பீரம். ஜன்னலைத் திறங்கள். ஃபர்னஸிலிருந்து கசியும் விஷவாயு மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். போன மாதம் என்னைச் சிறந்த ஊழியராக்கி கேக் வெட்டினார்கள்.

அப்பேர்ப்பட்டவனுக்கு இங்கே தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும்தான். வாளியை முட்டுக்கொடுத்துக் கதவைச் சாத்த வேண்டும். ஜட்டியைக் கழற்றும் தைரியம் இதுவரை வந்ததில்லை.

வென்டிலேட்டருக்குக் கண்ணாடியும் கிடையாது. மார்கழிக் கொசு மொத்தமும் அந்த வழியாகத்தான் வரும். சரியான கஞ்சக் குடும்பம் என்று எடைபோட்டு வைத்திருந்தேன். இன்று காலையில் நானே ஓர் அட்டையை வெட்டி அதை அடைத்தேன். இந்த வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் உருப்படியான வேலை.

"தம்பி, ஆறு பன்னெண்டு?" ஹாலிலிருந்து மாமியார் எடுத்துக் கொடுத்தார்.

எழுபத்திரண்டு என்று தொண்டை வரை வந்ததை விழுங்கினேன்.

"தம்பி?"

ஜெயித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டேன்.

வெளியே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அடுத்த நொடி கதவு திறந்து, வாளி கவிழ்ந்து, காலெல்லாம் தண்ணீர். சுவரில் எதற்கோ அடித்துவிட்டு மறந்துபோன இரண்டு இரும்புக் கொக்கிகள் உண்டு. அதில் தொங்கிய துண்டை இழுத்து, கண்ணைத் துடைத்து, அவசரமாகச் சுற்றிக்கொண்டேன்.

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து வென்டிலேட்டர் அட்டையைக் குத்தித் தள்ளினார். அது விழுந்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, நுரையோடு சேர்த்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"பேசுங்க தம்பி."

"அத்தை, குளிச்சிக்கிட்டிருக்கேன்," என்றேன். அவ்வளவு நேரம் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் இவ்வளவுதான் வந்தது.

அவர் அந்தக் கொக்கிகளைப் பார்த்தார்.

"அங்கதான் தண்ணி சுட வைக்கிற கேஸ் கீசர் மாட்டியிருந்தோம். கொசு வருதுன்னு வென்டிலேட்டரை நான்தான் அடைச்சு வெச்சேன். ஆண்ட்ரூ பாடிக்கிட்டே குளிச்சான். பாட்டு நின்னுச்சு. குளிச்சு முடிச்சிட்டான்னு நினைச்சு, தோசை ஊத்தப் போயிட்டேன்."

கையில் ஒட்டியிருந்த நுரையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கதவை அவரே மெதுவாகச் சாத்தினார்.

ஊர் உலகத்துக்கெல்லாம் ஜன்னலைத் திறக்கச் சொல்லும் நான், இங்கே இருந்த ஒரே திறப்பை அடைத்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. துண்டைத் திரும்பவும் அந்தக் கொக்கியில் மாட்ட மனசு வரவில்லை.

வாளியை நிமிர்த்தி வைத்தேன். ஆறு பன்னெண்டு எழுபத்திரெண்டு என்று ஆரம்பித்தேன். அய்யாதுரைக்கும் கேட்கட்டும் என்று கத்தினேன்.

பன்னிரண்டு முடிந்தது. பதின்மூன்று எனக்கு எப்போதுமே தகராறு.

"எட்டு பதிமூணு நூத்தி ரெண்டு."

திருத்தம் வரவில்லை.

சொம்பைக் கீழே வைத்தேன்.

"அத்தை?"

கதவுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டேன்.

வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தப்பு தம்பி. நூத்தி நாலு."

முதலிலிருந்து ஆரம்பித்தேன்.