ஆறு மணி வணக்கம்

இறந்து நாற்பது நாளான மனுஷனின் செல்போனிலிருந்து அன்று காலை ஆறு மணிக்கு ஒரு குட்மார்னிங் போயிருந்தது.

ரோஜாப்பூ, டீ கப், கீழே 'இனிய காலை வணக்கம்'.

நவ்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா சுந்தரராஜுலுவின் சாமான்களை ஒழுங்கு பண்ணத்தான் பெங்களூரிலிருந்து பீளமேட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி, மில் அடையாள அட்டை, பழைய போட்டோக்கள் என்று நினைவுக்காக ஒரு பெட்டி நிறைய எடுத்து வைத்துவிட்டாள். அப்பாவின் குரல் இருக்கிற போன் மட்டும் கிடைக்கவில்லை. கருமாதி அன்று கேட்டதற்கு, "ரிப்பேர் ஆயிப்போச்சு கண்ணு" என்று அண்ணன் உதய் கையை விரித்திருந்தான்.

ரிப்பேரான போன், அண்ணனின் சட்டைகளுக்கு அடியில் முழு சார்ஜோடு இருந்தது.

"அண்ணா! இதென்னங்ணா?"

குளித்துவிட்டு வந்த உதய் அப்படியே நின்றான்.

"செத்த மனுஷன் பேர்ல விளையாடறீங்களா? நாப்பது நாளா தெனமும் போயிருக்கு! யாருங்ணா இந்தத் திருமூர்த்தி?"

"அப்பாவோட மில்லுல ஒண்ணா வேலை செஞ்சவரு. உடுமலைப்பேட்டையில இருக்கறாரு. காது சுத்தமாக் கேக்காது, அதனால ரெண்டு பேருக்கும் பேச்செல்லாம் மெசேஜ்லதான். நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வேற."

"அதுக்கு?"

"அப்பா தவறுன அன்னிக்குக் காலைல, பாடி ஹால்ல கெடக்குது. அவருக்குச் சொல்லிப்போடலாம்னு போனை எடுத்தேன். அதுக்குள்ள அவர்கிட்ட இருந்து வந்துருச்சு. 'ராஜுலு, மாத்திரை போட்டியா?'ன்னு."

உதய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"போட்டுட்டேன்னு அனுச்சுப்போட்டேன் கண்ணு."

நவ்யாவுக்கு ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் விடவில்லை. பெற்ற மகள் கேட்டால் போன் ரிப்பேராம். யாரோ ஒருவருக்கு மட்டும் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறாராம். நல்ல நியாயம்!

"வயசானவரை ஏமாத்திட்டு இருக்கீங்க. நாளைக்கு மில் ஆளுங்க யாராச்சும் பட்டுன்னு சொல்லிட்டா, மனுஷன் அங்கயே சாஞ்சுருவாரு. அந்தப் பாவம் யாருக்குங்ணா?"

"அதுக்காக நாமளே சொல்லிக் கொல்றதா?"

"வீட்டுல யாராச்சும் இருப்பாங்கல்ல? அவங்ககிட்டச் சொல்லி, பக்குவமாச் சொல்ல வைக்கலாம்."

"வேண்டாம் அம்மணி. அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது. போனைக் குடு!"

உதய் பிடுங்க வந்தான். நவ்யா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, திருமூர்த்தியின் எண்ணை அழுத்தியே விட்டாள்.

மணி அடித்தது. உதய் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். ஒரு மனுஷனின் உயிரோடு விளையாடுகிறோமோ என்று நவ்யாவுக்கும் இப்போதுதான் உறைத்தது. கட் பண்ணிவிடலாமா என்று நினைக்கும்போதே எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள்.

"ஏனுங்க... ஐயாங்களா?" பெண் குரல். கொஞ்சம் பயந்த குரல்.

"இல்லீங்க. நான் அவர் பொண்ணு நவ்யா. நீங்க?"

"திருமூர்த்தியோட மகளுங்க."

"உங்கப்பாகிட்ட ஒரு விஷயம்... இல்ல, மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்லணும்..."

அதற்கு மேல் வரவில்லை. இவ்வளவு நேரம் அண்ணனிடம் நியாயம் பேசிய வாய், ஒரு வரி சொல்ல முடியாமல் திணறியது.

"அக்கா, ஒரு நிமிசமுங்க," அந்தப் பெண்ணே குறுக்கிட்டாள். "ஐயா பக்கத்துல இருக்கறாருங்களா? அவர் காதுல உழுகாம கொஞ்சம் தள்ளிப் போயிப் பேசறீங்களா?"

"ம்... சொல்லுங்க."

"எங்கப்பா போயி நாலு மாசமாச்சுங்க. ஐயாவுக்கும் ஒடம்பு சரியில்ல, கேட்டாத் தாங்கமாட்டாருன்னு, நான்தானுங்க தெனமும் மெசேஜ் அனுச்சுட்டு இருக்கறேன். கும்புட்டுக் கேக்கறனுங்க, அவர்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."