ஜெயம்மா வாங்கிய கிழங்கு

"கையை வெளிய எடு சுலோ. அழுகிப் போனதைக் கிளறிக்கினே இருந்தா சரியாயிடுமா?"

ஜெயம்மா சொன்னது சுலோச்சனாவின் காதில் ஏறவில்லை. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், அந்த லைன் வீட்டின் பின்பக்கம், தகரக் கொட்டகையில், ஒரு பழைய டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு ஈர மணலைத் துழாவிக்கொண்டிருந்தாள். கைக்கு வந்ததெல்லாம் கூழ்.

டேலியா பூத்து ஓய்ந்ததும் கிழங்கைத் தோண்டி எடுத்து, மறுபடி நடும் காலம் வரும்வரை உலர்ந்த மணலில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். சுலோச்சனாவும் அப்படித்தான் வைத்திருந்தாள். தகரத்தில் எங்கேயோ இருந்த ஓட்டையை அவள் கவனிக்கவில்லை. மழை அது வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கித் தன் வேலையைக் காட்டிவிட்டது.

"ஒண்ணு கூடவா தேறல?" என்றார் அவள் புருஷன் ராஜு. சுரங்கத்தை மூடும்வரை பூமிக்கடியில் ஷிப்ட் பார்த்த மனிதர். பெண்டாட்டி அழுதால் மட்டும் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது.

"ஒண்ணு கூட இல்லீங்க."

"உடு. பெங்களூர் போயி வேற வாங்கியாறேன். அதே கலர் கெடைக்கும்."

"கெடைக்கும். அது சேரன் வாங்கியாந்ததா ஆவுமா?"

ராஜு அண்ணாந்து தகரத்தில் ஓட்டையைத் தேடினார்.

சேரன் அவர்களுடைய ஒரே பிள்ளை. தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தவன். ஒருநாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து நீட்டி, "அம்மா, இது கறுப்பா பூக்கும்" என்றான். சொன்னபடியே பூத்தது. வெயில் படும்போது மட்டும் இதழுக்குள்ளே சிவப்பு தெரியும். "இன்னாடா இது, பூவா, லைட் அணைஞ்ச லெவலா?" என்று சுரங்கத்தின் அடித்தளத்து இருட்டைச் சொல்லி ராஜு கிண்டல் செய்தார். மறு வருஷம் பூத்தபோது சேரன் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அந்தச் செடிகள்தான் சுலோச்சனாவுக்குப் பிள்ளை. புத்தர் படத்துக்கு எந்தப் பூவானாலும் சரி, சேரன் படத்துக்குக் கறுப்பு டேலியா. வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. ஒரு பூ கேட்ட குற்றத்துக்காகப் பக்கத்து வீட்டு ஜெயம்மாவோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் போன பங்குனியில் ஜெயம்மா வெட்கத்தை விட்டுக் கிழங்கே கேட்டாள். சுலோச்சனா பேச்சை மாற்றிப் பார்த்தாள். காது கேட்காதவள் போல இருந்து பார்த்தாள். ஜெயம்மாவா விடுவாள்? "எனக்கும் ஆசையா இருக்குது சுலோ, ஒண்ணே ஒண்ணு குடு" என்று வாசலை விட்டு நகராமல் நின்றாள். கடைசியில் சுலோச்சனா உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து, இருந்ததிலேயே பெரிய கிழங்கைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்து கையில் கொடுத்தாள். ஜெயம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. அதற்கப்புறம் அது என்ன ஆயிற்று என்று சுலோச்சனா ஒருநாள்கூட விசாரிக்கவில்லை. தன் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று ஜெயம்மா பூரித்துப் போனாள்.

இப்போது ஜெயம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இங்கியே இரு. தோ வந்துடுறேன்."

போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்து, பொடிமணலுக்குள்ளிருந்து கிழங்கை எடுத்து சுலோச்சனாவின் கையில் வைத்தாள். தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. மற்றபடி எங்கேயும் அழுகல் இல்லை.

"நீ குடுத்ததுதான். நடறதுக்குன்னு நான் வாங்கவே இல்ல."

சுலோச்சனா நிமிர்ந்தாள். "ஆசையா இருக்குதுன்னு கேட்டியேக்கா?"

"எனக்கு இன்னாத்துக்குடி பூவு? போன வருஷமே பாதி அழுகிப் போயி நீ சோறு தண்ணி இல்லாம கெடந்த. எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சிருக்கியே, என்னிக்காவது மொத்தமா போயிடுமோன்னு எனக்கு பயம். பிள்ளையைப் பறிகுடுத்தவகிட்ட அந்த வார்த்தையை எந்த வாயால சொல்றது? அதான் ஆசைன்னு பொய் சொல்லி வாங்கி, உனக்கோசரம் பரண் மேல வச்சிருந்தேன்."

"நீங்க நல்லா இருக்கணும்மா" என்று ராஜு கையெடுத்துக் கும்பிட்டார்.

ஜெயம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சுலோச்சனா எழுந்து வந்து கட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தாள். அவளோ கிழங்கின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முன்னைவிட அதிகமாக அழ ஆரம்பித்தாள்.

"இன்னாடி இது? அதான் கெடைச்சிடுச்சே. மண்ணுல வச்சா முளைச்சிடப் போவுது."

"முளைக்காதுக்கா" என்றாள் சுலோச்சனா. "உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண்ணு, இதுக்குக் கழுத்துல மட்டும்தான். என் பிள்ளையோட பூவு இன்னொரு வீட்ல பூக்கக் கூடாதுன்னு, அதை நோண்டி எடுத்துட்டுத்தான் உனக்குக் குடுத்தேன்."