வெறுமனே ஓடிய மெஷின்

சூப்பர்வைசர் மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். ஒரு கைக்குட்டைகூட இல்லை.

“உள்ளே ஒண்ணுமே இல்லை. ஆனா ஊருக்கே கேக்கிற மாதிரி ஓடிக்கிட்டிருந்துச்சு. எதுக்கு?”

மெஷின்காரர் தரையைப் பார்த்தபடி, “சும்மாதான் சார்” என்றார்.

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இரண்டே பேர். துணி உலர்த்தும் மெஷினைக் கவனிக்க அவர். உலர்ந்து வரும் போர்வைகளை மடித்து அடுக்க அவள். கேட்டால் ஒழிய வாய் திறக்காத மனுஷன் என்பதால் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபது வருஷம் அந்த இரைச்சலில் நின்று காதும் போய்விட்டது என்பது அவளாகவே செய்துகொண்ட முடிவு.

“நீ சொல்லும்மா. இது இன்னிக்கு மட்டுமா, தினமுமா?” என்று சூப்பர்வைசர் அவள் பக்கம் திரும்பினார்.

மத்தியானம் துணி தீர்ந்த பிறகும் இப்படித்தான் ஓடும் என்று அவள் சொல்லிவிட்டாள். பொய்யில்லை. வேலை செய்கிற மாதிரி பாவனை காட்டுகிறார் என்றுதான் அவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மறுநாளே அவருக்கு மெமோ வந்தது. இன்னொரு தடவை துணி இல்லாமல் மெஷின் ஓடினால் வேலை போய்விடும். படித்துவிட்டு நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

அவள் பாட்டுக் கட்டுவாள். அது ரகசியம். போர்வைகள் சூடாக வந்து கையில் விழும்போது கண் சொருகும். ஒவ்வொன்றிலும் யாரோ படுத்துக் கண்ட கனவு, எத்தனை துவைத்தாலும் போகாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. அந்த மிச்சக் கனவுக்கு வார்த்தை போட்டு, மெட்டுப் போட்டு, மெஷின் இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு பாடியபடியே மடிப்பாள். காலையெல்லாம் ஆள் நடமாட்டம் என்பதால் பாட்டு மத்தியானத்தில்தான். கூடமே மெல்லத் தரையை விட்டு எழும்பி மிதக்கிற மாதிரி இருக்கும்.

வீட்டில் ஒரே ஒரு தடவை பாடிக் காட்டினாள். “அண்ணி, ஜுரத்துல பிதற்றுற மாதிரி இருக்கு” என்றாள் நாத்தனார். பக்கத்தில் இருந்த கணவனும் சேர்ந்து சிரித்தான். அன்றோடு வீட்டில் வாய்க்குப் பூட்டு.

இப்போது இங்கேயும் பூட்டு. மெஷின் நின்ற மத்தியானங்களில் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ஒரு நாள் பொறுத்தாள். இரண்டு நாள் பொறுத்தாள். புதிதாக மனசுக்குள் வந்த ஒரு பாட்டு, பாடிப் பார்க்காததால் சாயங்காலத்துக்குள் மறந்தே போனது. அதுதான் தாங்கவில்லை. இப்படியே போனால் எல்லாமே போய்விடும் என்று பயம் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள், அவர் செவிடுதானே என்று தைரியப்படுத்திக்கொண்டு வாயைத் திறக்கப் போனாள். அந்த நேரம் பார்த்துப் போர்வையிலிருந்து ஒரு ஊக்கு கீழே விழுந்தது. அந்தக் கோடியில் நின்றிருந்தவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

காதில் ஒரு பழுதும் இல்லை. அவள் வாயால் மெமோ வாங்கியவர் வேறு. கேலி செய்ய அவரைவிடத் தகுதியான ஆள் உண்டா?

சிரித்தால் சிரிக்கட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முதல் அடி வெறும் காற்றாகத்தான் வந்தது.

“யாரோ உறங்கிய போர்வையிலே
ஈரம் காயாத கனவிருக்கு...”

பாடப் பாடக் கூடம் பெரிதாகிக்கொண்டே போனது. குரல் சுவரில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது. இது என் குரலா என்று அவளுக்கே ஆச்சரியம். முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

அவர் துணிக்கூடையை ஓரமாக வைத்தார். “ஒண்ணு சொல்லட்டுமாம்மா?”

வந்துவிட்டது என்று நினைத்தாள். “சொல்லுங்கண்ணே.”

“‘ஈரம் காயாத கனவு’ அவ்வளவா ஒட்டலை. போன மாசம் வரைக்கும் ‘பாதியில் நின்ற கனவு’ன்னுதானே பாடினே? அதையே வெச்சுக்கோ.”

“அந்த இரைச்சல்லயா கேட்டுச்சு?”

“இருபது வருஷமாச்சு. இரைச்சல் என் காதுல விழறதே இல்லை. மத்ததெல்லாம் நல்லாக் கேக்கும்.”

“அப்ப துணியே இல்லாம எதுக்கண்ணே மெஷினை ஓட்டினீங்க?”

“நிறுத்தினா நீ பாட்டையும் நிறுத்திடறியே.”