பதினெட்டாம் கல்

"நூறுல போகணும். ஒரே ஒரு கிலோமீட்டர். பதினேழாம் கல்லுலேர்ந்து பதினெட்டாம் கல்லு வரைக்கும்" என்றார் அத்தை, காரில் உட்காருவதற்கு முன்பே.

என் கார் ஏறுகிற வகை அல்ல, இறங்குகிற வகை. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, மொத்த எடை அறுநூறு கிலோ. அத்தை ஒரு காலை நுழைத்து, "ஐயோ" என்று சொல்லி, மறு காலையும் நுழைத்து ஒருவழியாக உட்கார்ந்தார். மடியில் அலுவலகத்தில் பரிசாகக் கொடுத்த சுவர்க்கடிகாரம்.

என் கணவரின் அம்மா. நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர், இன்றோடு ஓய்வு. இந்தச் சாலையில் நிற்கும் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லும் அவர் வெயிலில் நடந்து, சங்கிலி பிடித்து அளந்து நட்டது. நடந்தும் லாரியில் குலுங்கியுமே கடந்த அந்தக் கற்களை ஒருமுறையாவது பறந்து கடக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

சாலையில் நூறு வரை போகலாம். என் கணவர்தான் விடமாட்டார். இந்தத் தகர டப்பாவில் தொண்ணூறைத் தாண்டமாட்டேன் என்று என்னிடம் சத்தியமே வாங்கியிருக்கிறார்.

ஒரு பக்கம் சத்தியம், மறுபக்கம் மாமியார். யாராக இருந்தாலும் விழி பிதுங்கும். எனக்குப் பிதுங்கவில்லை.

என் காரின் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்.

கண்டுபிடித்ததே நான்தான். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்தான் சாலை நேராக இருக்கும். முள் எண்பதில் நின்றால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க நாற்பத்தைந்து விநாடி ஆக வேண்டும். எனக்கு ஐம்பத்தொன்று ஆனது. மறுபடி ஓட்டினேன், அதே ஐம்பத்தொன்று. ஆக, முள் எண்பது என்றால் நிஜம் எழுபது. முள் நூறு என்றால் நிஜம் எண்பத்தெட்டு.

டயரில் காற்று குறைந்தால் சக்கரம் சுருங்கும், சுருங்கிய சக்கரம் அதிகம் சுற்றும், மீட்டர் கூட்டிக் காட்டும். எனவே காற்றைப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டுப் பவுண்டாக இருந்ததை இருபத்திரண்டாக்கி, இருபத்தாறாக்கி, கடைசியில் முப்பதாக்கினேன். கார் தவளை மாதிரி குதித்தது. ஒரு வேகத்தடையில் என் மூக்குக் கண்ணாடி பறந்துபோனது. விநாடியோ அரையே அரைதான் குறைந்தது. அதுவும் நான் வாட்ச்சின் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தியதாக இருக்கலாம்.

"எடையே இல்லாத வண்டிக்கு எதுக்கும்மா இவ்வளவு காத்து? பதினெட்டு போதும். மீட்டர்ல ஒரு தப்பும் இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார் பஞ்சர் கடைக்காரர். அன்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை. மீட்டரில் தப்பில்லை என்றால் பிறகு கல்லிலா தப்பு? அதுவும் என் மாமியார் நட்ட கல்லில்?

பதினேழாம் கல் வந்தது. மிதித்தேன்.

முள் நூறைத் தொட்டதும் அத்தை கத்தினார். ஒரு பார்வையிலேயே ஒப்பந்தக்காரர்களை நடுங்க வைத்தவர், இரண்டு கையாலும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு "ஊஊ" என்று கத்தினார். கொண்டை அவிழ்ந்து முடி என் முகத்தில் அடித்தது. நானும் கத்தினேன். எதற்கென்று தெரியாமல் இரண்டு பேரும் கத்திக்கொண்டே பதினெட்டாம் கல்லைக் கடந்தோம்.

ஓரமாக நிறுத்தினேன். அத்தைக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. "நூறு! பாத்தியா, நூறு!" என்று என் தோளில் அடித்தார். கண்ணில் நீர் நின்றது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏமாற்ற மனம் வரவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். உளறிக் கொட்டிவிட்டேன். மீட்டர் பொய், நிஜத்தில் எண்பத்தெட்டுதான், இதே இரண்டு கற்களுக்கு நடுவில் நானே அளந்து பார்த்தேன், மன்னித்துவிடுங்கள்.

அத்தையின் சிரிப்பு நின்றது. மடியிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

ஒரு விரலைத் தூக்கி, பொறு என்று சைகை காட்டினார்.

இரண்டு நிமிடமும் கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்தான் என்று முடிவு கட்டினேன்.

பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்தது.

"சர்வீஸ் முடிஞ்சுது. இனிமே என்னை யாரு கேக்கறது?" என்றார். பிறகு சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பதினெட்டாம் கல்லுக்குச் சரியாக அளந்து குறித்துவைத்த இடத்தில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. கல்லோடு போனவர்களை அது துரத்தியது. கல்லைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். அது எந்த இடத்தில் துரத்துவதை நிறுத்தியதோ, அந்த இடத்தில் நட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் இன்னும் நூற்று நாற்பது மீட்டர் தள்ளி.

குட்டிகள் வளர்ந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தாராம். குட்டிகள் வளர்ந்து, அவற்றின் பேரக்குட்டிகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. கல் அங்கேயே நிற்கிறது. மூன்று மாதமாக நான் வாட்ச்சும் கையுமாக அலைந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். வாயைத் திறந்தால் வேலைக்கு உலை வைத்துவிடுமே என்று இருந்துவிட்டார்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. டயரும் சொல்லவில்லை. பஞ்சர் கடைக்காரரின் முகம் கண்முன் வந்தது. அதற்குப் பின்னாலேயே என் கணவரின் முகமும் வந்தது.

"அப்போ நிஜமாவே நூறுலதான் வந்தோமா? ஐயோ அத்தை, உங்க பையன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனே!"

அத்தை அவிழ்ந்த கொண்டையை நிதானமாக முடிந்துகொண்டார்.

"கல்லு கணக்குப்படி எண்பத்தெட்டுதான்மா. அரசாங்கக் கல்லு. சந்தேகம்னா அவனையே வந்து அளந்து பாத்துக்கச் சொல்லு."